மைனாவின் மஞ்சள் தலை

ஆவணி 4, வியாழன்

மேற்கிலிருந்து கச்சான் காற்று. காலையிலேயே மணல் கொதிக்கிறது. கிணற்றுக் கயிறு நைந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

"இறகு விழக்குள்ள குருவிக்கு நோகுமா வாத்தியார்?" படிப்பித்த காலத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டது. "உன்ட பால்பல் விழுந்ததே, நொந்ததா?" என்று திருப்பிக் கேட்டேன். வகுப்பு முழுவதும் சிரிப்பு. நல்ல உதாரணம் என்று அன்றெல்லாம் எனக்குள் பெருமை.

இன்று மனைவி தெய்வானையின் தலையணையிலிருந்து மிஞ்சிய முடியையும் சுருட்டி எடுக்கும்போது அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது. அவளுக்கு நோகிறது. தலையில் அல்ல.

நெருப்புக் காய்ச்சல் (டைபாய்டு) விட்டு இரண்டு மாதத்துக்கு மேல். அப்போதிக்கரி நேற்று வந்து பார்த்தார். "காய்ச்சல் போயித்து. சாப்பிட்டா எழும்புவா. சாப்பிடாட்டி என்ட மருந்தால ஒண்டும் ஏலா."

சாப்பிடுகிறாள் இல்லை. கேட்டால் ஒரே பதில். "அம்மாக்கும் இப்பிடித்தான் முடி கொட்டின. கொட்டி முடியக்குள்ள ஆளும் போயித்தா. எனக்கென்னத்துக்குக் கஞ்சி?"

கூப்பன் அரிசிக் கஞ்சி. ஆறியதை முருங்கையடியில் ஊற்றினேன். மைனா ஒன்று வந்து கொத்தியது. தலையில் ஒரு இறகுகூட இல்லை. வெறும் மஞ்சள் தோல்.

ஆவணி 5, வெள்ளி

அதே மைனா. தெ.யின் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன். குஞ்சு பொரித்து முடிந்தால் பறவைகளுக்கு இறகு உதிரும், பழையது விழப் புதியது வரும், தென்னை ஓலை கழற்றுகிற மாதிரி என்று சொன்னேன்.

"அதுக்கு ஆர் நெருப்புக் காய்ச்சல் குடுத்த?" என்றாள். சிரித்தாள். எத்தனை நாளுக்குப் பிறகு!

"அதுக்கு முளைச்சா எனக்கும் முளைக்கும் எண்டுறீங்களா?"

"ஓம்."

"முளைக்காட்டி?"

முளைக்கும் என்றேன். மூன்று கரண்டி கஞ்சி குடித்தாள்.

மண்ணெண்ணெய் இல்லை. தெ.க்குச் சத்துக் குளிசை வாங்க வேண்டும்.

ஆவணி 7, ஞாயிறு

நேற்று மைனா வரவில்லை. தெ. பின்னேரம் வரை ஜன்னலையே பார்த்திருந்தாள். கஞ்சியைத் தொடவில்லை.

இன்று வந்தது. மைத்துனி சின்னப்பிள்ளையும் வந்தாள். ஒரே வளவில் அக்காவுக்கு ஒரு வீடு, தங்கைக்கு ஒரு வீடு என்று தாய் கொடுத்தது. அவள் வர வேலிகூடக் குறுக்கே இல்லை.

"அத்தான், மொட்டக் குருவி வாசலுக்கு வரப்படா. கலைச்சு உடுங்க."

"அக்காட தலையப் பாத்தும் அப்பிடித்தான் சொல்லுவியா?"

திரும்பிப் போய்விட்டாள். சொல்லியிருக்கக் கூடாது.

மைனாவைப் பூனை பிடிக்கலாம், பருந்து தூக்கலாம், வேறு வளவுக்குப் போகலாம். பிறகு இவளுக்கு எதைக் காட்டுவேன்? சின்னப்பிள்ளையின் புருஷன் வாவியில் மீன் மூடிப் பிடிக்கும் கரப்புக் கூடையை இரவல் வாங்கி வந்தேன். சோறு வைத்துக் காத்திருந்து மூடிவிட்டேன். ஜன்னலுக்கு நேரே, மேலே ஒரு கல். வகுப்பு மேசையில் பொருளை வைத்துக் காட்டுகிற மாதிரி.

இனி ஓடாது. நிம்மதி.

ஆவணி 8, திங்கள்

பகலெல்லாம் கரப்புக் குச்சிகளில் மோதும் சத்தம். சோறு அப்படியே கிடக்கிறது. செட்டையில் புதிதாக வரும் இறகுகளின் குருத்து முறிந்து இரத்தம். உள்ளே இரத்தம் ஓடும் குருத்து அது, எனக்குத் தெரியும். தெரிந்தும்.

"உடுங்க அத," என்றாள் தெ.

"முளைக்கிற வரைக்கும் பொறு."

"பாவம், உடுங்க. எனக்குப் பாக்கேலா."

விடவில்லை.

ஆவணி 10, புதன்

செத்துவிட்டது.

தெ. எழும்புமுன் எடுத்துவிட நினைத்தேன். கிணற்றடிக்கு வந்த சின்னப்பிள்ளை பார்த்துவிட்டாள். "அக்கா, மைனா செத்துப் போச்சுது கா!" ஊருக்கே கேட்கிற குரல்.

தெ. அழவில்லை. "உங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு உதாரணம் வேணும். இந்தா, உதாரணம்." சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முருங்கையடியில் புதைத்தேன். மண் போடுமுன் அந்த மஞ்சள் தலையை விரலால் பின்னிருந்து முன்னாகத் தடவினேன். சொரசொரத்தது. தோலுக்குள் குருத்துகள், மணல் மணலாக. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது. முளைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. சும்மா விட்டிருந்தால் கறுத்த தலையோடு இதே வாசலுக்கு வந்திருக்கும்.

கரப்பைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன்.

ஆவணி 11, வியாழன்

காற்று இன்னும் விடவில்லை. தெ. நேற்று முதல் தண்ணீர் மட்டும். கை எலும்பு துருத்துகிறது. அப்போதிக்கரிக்கு ஆள் அனுப்பினேன். களுவாஞ்சிக்குடிக்குப் போயிருக்கிறாராம்.

மைனாவின் தலை சொரசொரத்ததைச் சொன்னேன்.

"செத்ததுக்கு முளைச்சென்ன," என்றாள்.

பிறகு அவளாகவே என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்தாள். இத்தனை நாளும் தொட விடாதவள்.

"இருக்கா?"

தடவினேன். காதோரம், உச்சி, பிடரி, முன்னிருந்து பின்னாக. வழுவழுவென்று சட்டி போல.

உதாரணம் ஒன்றும் வரவில்லை. பொய்யும் வரவில்லை.

"இல்ல," என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டாள். என் கையை மட்டும் விலக்கவில்லை.

நாளைக் காலை தெ.யின் தலைக்கு எண்ணெய் வைக்குமுன், முடி படியும் பக்கத்துக்கு எதிராக, ஒற்றை விரலால், மெதுவாகத் தடவிப் பார்க்க வேண்டும்.