வலது பக்கத்துப் பஞ்சு

சேரப்பணஞ்சேரி,
புதன்கிழமை.

அன்புள்ள கவிப்பிரியாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் நலம். பெங்களூரில் நீயும், உன்னைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் உன் தோழி காவேரியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்லத்தான் முயன்றேன். போனில் எனக்குச் சொல்ல வந்தது முன்னும் பின்னுமாகக் குழம்பிவிடுகிறது. நீயும் அந்தப் பேச்சு வேண்டாம் என்று நிறுத்திவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். நீ விட்டுவிட்டுப் போன ஹெட்போனையும் இதே பார்சலில் வைத்திருக்கிறேன். கடிதத்தைப் படித்து முடித்த பிறகு அதை எடுத்தால் போதும்.

இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. ஒரகடம் சாலையில் பள்ளம் விழுந்து கன்டெய்னர் லாரிகள் நகராமல் நிற்கின்றன. கீழ் அறைகளில் குடியிருக்கும் பெண்களுக்கு இந்த வாரம் ஷிப்ட் மாறியிருக்கிறது. பூமாரிக்கு நைட், சுகப்பிரியாவுக்குப் பகல். வழக்கம்போல வீட்டில் எந்நேரமும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். நானும் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைக்கப் பழகிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். யாக்கோபு சார் ஒலிக்கலவை செய்யக் கொடுத்த பாட்டைத் திருப்பிக் கொடுக்கப் போவதாகச் சொன்னாய். சனிக்கிழமைக்குள் உன் பதில் வராவிட்டால் அவரே வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார் என்றும் சொன்னாய். அதுகூடப் பரவாயில்லை. இனி எந்தப் பாட்டையும் தொடமாட்டேன், என் காதை எனக்கே நம்ப முடியவில்லை என்றாயே, அதுதான் என்னை உறுத்துகிறது. எனக்கு இசை தெரியாது. பாலிடெக்னிக்கில் அளவியல் பாடம் நடத்தியவன், அவ்வளவுதான். ஓர் அளவு தவறாக வந்தால் முதலில் கருவியைப் பார்க்க வேண்டும், அடுத்து அளந்தவரை, கடைசியாக அளந்த விதத்தை. அந்த வரிசையில்தான் இதையும் பார்த்தேன். நான் செய்ததில் பிழை இருக்கலாம். இருந்தால் தயங்காமல் சொல்லு.

நான் புரிந்துகொண்டதை முதலில் எழுதிவிடுகிறேன். எட்டுப் பேர் வட்டமாக நின்று பாட, கேட்பவர் நடுவில் உட்கார்ந்திருப்பது போல அந்தப் பாட்டு அமைய வேண்டும். ஸ்பீக்கர் என்றால் சுற்றிலும், தலைக்கு மேலும் உண்மையாகவே வைத்துவிடலாம். ஹெட்போனில் இருப்பதோ இரண்டே பக்கம். அதை வைத்துக்கொண்டு, எட்டுப் பேரும் சுற்றி நிற்பதாகக் காதை நம்பவைக்க வேண்டும். மாடி அறையில் உன்னிடம் இரண்டுமே இருந்தன. கீழே ஷிப்ட் பெண்கள் குடிவந்த பிறகு நீ ஸ்பீக்கர்களுக்கு எல்லாம் போர்வை போர்த்திவிட்டு ஹெட்போனிலேயே வேலையை முடித்தாய். வடபழனியில் யாக்கோபு சார் தன் ஸ்பீக்கர் அறையில் போட்டுப் பார்த்தபோது ஏழு பேர் எட்டத்தில் நின்றார்கள், வலப்பக்கம் நிற்கும் சசிகலா மட்டும் காதருகே வந்துவிட்டார். பாடியவர்கள் எல்லோரும் இருக்கும்போதே அவர் உன்னிடம், "வலது காது மந்தமாம்மா?" என்று கேட்டாராம். பரிசோதனையில் குறை எதுவும் இல்லை என்று வந்தும் நீ நம்பவில்லை.

நீ என் மொபைலுக்கு அனுப்பிய அதே பாட்டைத்தான் எடுத்துக்கொண்டேன். என் காதை நம்பாமல் மற்றவர்களைக் கேட்கச் சொன்னேன். எதற்கு என்று யாரிடமும் சொல்லவில்லை. பெருக்க வந்த சின்னப்பொண்ணு ஹெட்போனை மாட்டிய உடனே, "இன்னாய்யா இது, அல்லாரும் தள்ளி நின்னு பாடறாங்க, இந்தாண்ட ஒரு பொம்பள மட்டும் காதுக்குள்ளாற பூந்துகினு பாடுது" என்றாள். வலக்கையைத்தான் காட்டினாள். பூமாரி தன்னுடைய சின்ன இயர்போனில், கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டாள். "ஐயா, வலப்பக்கம் நிக்க அக்கா மைக்கை முழுங்கிட்டாவ போல" என்றாள்.

ஆக ஸ்பீக்கரில் தெரிந்த குறைதான் ஹெட்போனிலும் தெரிகிறது. பிறகு உன் ஹெட்போனை இடவலமாக மாற்றி மாட்டிக் கேட்டேன். சசிகலாவின் குரல் இடப்பக்கம் போய் அங்கேயும் அதே அளவு உரக்கக் கேட்டது. பூமாரியின் இயர்போனிலும் அப்படியே கேட்டதால் ஹெட்போனில் பழுது இல்லை, பக்கம் மாறியும் அப்படியே கேட்டதால் கேட்ட எங்கள் காதிலும் இல்லை. உன் காதிலும் இல்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அளந்த விதம் ஒன்றுதான் மிச்சம். அதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை. ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டேன்.

மறுநாள் உனக்கு அனுப்பலாம் என்று ஹெட்போனைத் துடைத்தேன். காதின் மேல் அழுந்தும் இடது பக்கத்துப் பஞ்சின் மேல்தோல் வெடித்து உரிந்து கையில் ஒட்டியது. வலது பக்கத்துப் பஞ்சு வழவழவென்று இருந்தது. வெயில் காலத்தில் இரண்டையும் ஒன்றாக மாற்றியது எனக்கு நினைவிருக்கிறது. பழையதைக் குப்பையில் போட்டவன் நான்தான்.

ஜூன் மாதம் நான் குளியலறையில் விழுந்ததை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்று நான் கூப்பிட்டது மாடியில் உனக்குக் கேட்கவில்லை. நைட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த பூமாரிதான் எழுந்து வந்தாள். அதைப் பற்றி நீயும் நானும் பேசிக்கொண்டதே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் எப்போது கூப்பிட்டாலும், முதல் குரலுக்கே "தோ வரேம்ப்பா" என்பாய். எனக்கு அது சௌகரியமாக இருந்தது. காதை மூடும் ஹெட்போன் போட்டிருப்பவளுக்கு எப்படிக் கேட்கிறது என்று நான் யோசிக்கவில்லை.

மாடிக்குப் போய் உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். கதவைத் திறந்தே வைத்தேன், நீ வைப்பது போல. படிக்கட்டு உனக்கு வலப்பக்கம். ஹெட்போனை மாட்டி, வலது பக்கத்தை மட்டும் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் பாட்டைப் போட்டேன்.

சசிகலா பின்னால் போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டார். எட்டுப் பேரும் ஒரே தூரத்தில் இருந்தார்கள், எனக்குக் கேட்டவரை. கூடவே, கீழே என் அறையில் நான் அணைக்க மறந்த மின்விசிறியின் சத்தமும் கேட்டது.

நீ அறிந்து செய்தாயா, பழகிப்போய்க் கை தானாகத் தள்ளியதா, எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். உன் காது சரியாகத்தான் இருக்கிறது. வலது காதுக்குப் பாதிப் பாட்டுத்தான் கிடைத்தது. கிடைத்ததை வைத்து அது எட்டுப் பேரையும் சரியாகவே நிறுத்தியிருக்கிறது. யாக்கோபு சாரிடம் காரணம் சொல்ல வேண்டுமா என்பது உன் விருப்பம். தவறு எங்கே என்று தெரிந்துவிட்டது, திருத்தித் தருகிறேன் என்று மட்டும் சொன்னாலும் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. சனிக்கிழமை வரை நேரம் இருக்கிறது.

ஸ்பீக்கர் விஷயமும் ஒன்று உண்டு. அந்தப் பெண்களிடம் கேட்கவே எனக்கு இத்தனை மாதமாகக் கூச்சம். வாடகை கொடுப்பவர்களிடம் எப்படிக் கேட்பது என்று வாசற்படி வரை போய்த் திரும்பியிருக்கிறேன். நேற்று கேட்டுவிட்டேன். சுகப்பிரியா, "இதை மொதல்லயே சொல்லலாம்லா ஐயா" என்று சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் எழுந்துவிடுவார்களாம். துணி வாங்கவோ கோயிலுக்கோ ஸ்ரீபெரும்புதூர் போய்விட்டு இருட்டிய பிறகுதான் திரும்புவார்களாம். அந்த நேரத்தில் எவ்வளவு சத்தம் வைத்தாலும் யாருக்கும் தொந்தரவு இல்லை. பூமாரிக்கு மட்டும் ஒரு நிபந்தனை. ஒரு நாளாவது அவளை நடுவில் உட்காரவைத்து அந்தப் பாட்டைப் போட்டுக் காட்ட வேண்டுமாம். நான் போர்வைகளை எடுத்து உதறி மடித்து வைத்திருக்கிறேன். ஸ்பீக்கர்கள் எதையும் நகர்த்தவில்லை.

மற்ற நாட்களில் ஹெட்போன்தான். அதற்கும் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். எலக்ட்ரீஷியன் வெங்கடேசனைக் கூப்பிட்டு, உன் மேசைக்கு நேர் எதிரே சுவரில் ஒரு சிவப்பு பல்பு போடச் சொன்னேன். அதற்கு ஒரு சுவிட்ச் என் கட்டிலருகே, இன்னொன்று குளியலறையில். குளியலறை சுவிட்சைத் தரையை ஒட்டி வைக்கச் சொன்னதும் அவன், "இன்னா சார், கொழந்தயே இல்லாத வூட்டுல இம்மாந் தாழ்வா வெக்கச் சொல்ற?" என்றான். விழுந்து கிடப்பவன் கைக்கு எட்ட வேண்டும் என்றேன். தண்ணீர் படாதபடி மூடி போட்டுக் கொடுத்திருக்கிறான்.

வேலை முடிந்ததும் சோதித்துப் பார்த்தேன். சுவிட்சைப் போட்டுவிட்டு மெதுவாக மாடி ஏறிப் போனேன். பல்பு எரிந்துகொண்டிருந்தது. சற்று நேரம் உன் நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்தேன். பிறகு அணைப்பதற்குக் கீழே இறங்கி வந்தேன்.

பார்சலில் புதுப் பஞ்சு ஒரு ஜோடி இருக்கிறது. தண்டலத்தில் உன் பழைய கல்லூரிக்கு எதிர்க் கடையில் வாங்கினேன். அளவு சரியா என்று எனக்குச் சந்தேகம்தான். இரண்டையுமே மாற்றிவிடு, ஒன்றை மட்டும் மாற்றாதே.

உனக்கு எல்லாம் நல்லபடியாக அமையட்டும், அம்மா. வேலையை அங்கேயிருந்து முடித்தாலும் சரி, இங்கே வந்து முடித்தாலும் சரி. வந்தால், கதவைச் சாத்திக்கொள். பல்பு எரிந்தால் நான் கூப்பிடுகிறேன் என்று பொருள். எரியாதவரை, இரண்டு காதையும் மூடிக்கொண்டு வேலை செய்.

உன் நலம் விரும்பும்
அப்பா,
தணிகாசலம்.