அக்கா அனுப்பிய ஐபோன்

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

நீ அனுப்பிய ஐபோன் உடையாமல் வந்து சேர்ந்தது. கூப்பிட்டுச் சொன்னால் பாதியிலேயே குறுக்கே புகுந்துவிடுவாய். அதனால் மெயிலில் எழுதுகிறேன்.

என் ஆண்ட்ராய்டைத் 'தகர டப்பா' என்றாய். கண் தெரியாதவளுக்கு எந்த போன் சுலபம் என்று கண் தெரிந்தவர்கள் தீர்ப்புச் சொல்வது, கரையில் நிற்பவன் ஆற்றின் ஆழம் சொல்வது மாதிரி.

இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். திரையை வாசித்துக் காட்டும் குரல் உன் போனில்தான் தெளிவு. எந்தப் பொத்தானைத் தொட்டாலும் அதன் பெயரைச் சொல்கிறது. என் டப்பா பல இடங்களில் 'பெயரில்லாத பொத்தான்' என்று கைவிரித்துவிடும். ஆனால் முந்தைய பக்கத்துக்குப் போக உன் போனில் இரண்டு விரலால் இசட் எழுத வேண்டும். டப்பாவில் கட்டைவிரலைக் கீழே இழுத்து இடப்பக்கம் ஒடித்தால் போதும். ஆஸ்பத்திரி வேலைக்குப் பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிறவளுக்கு இரண்டு விரல் என்பது பணக்காரத்தனம்.

நன்றி. இன்னும் பழகிப் பார்க்கிறேன்.

உன் தங்கை

மார்ச் 5

குட்டிம்மா,

படிச்சுட்டு உன் மாமாகிட்டயும் சொல்லிச் சிரிச்சேன். வாய் மட்டும் குறையவே இல்லடி உனக்கு. ஒரு வாரம் போகட்டும், அந்த டப்பாவை நீயே தூக்கிப் போடுவ. ஆண்ட்ராய்டெல்லாம் எப்பப் பாத்தாலும் நோண்டிக்கிட்டே இருக்கறவங்களுக்கு. உனக்கு எதுக்கு அந்தத் தலைவலி?

ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து எல்லாத்தையும் நானே செட் பண்ணித்தான் அனுப்பியிருக்கேன். நீ எங்க இருக்கேன்னு கடல் தாண்டி இங்கிருந்தே பாத்துக்கலாம். எவ்வளவு சுலபம் பாரு! செட்டிங்ஸ் பக்கம் மட்டும் போயிடாதே. எல்லாம் உன் நல்லதுக்குத்தான்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 11

அக்கா,

நேற்று ஒரு செயலியை இறக்கப் பார்த்தேன். "உங்கள் பெற்றோரிடம் அனுமதி கேட்கப்பட்டுள்ளது" என்றது உன் போன். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த இடத்தில் சிக்னல் கிடைக்கிறதா என்று யோசிப்பதற்குள், "கோரிக்கை மறுக்கப்பட்டது" என்றது.

பிறகு செட்டிங்ஸ் பக்கம் போனேன். எனக்குப் பன்னிரண்டு வயது என்று பதிந்து, உன் குடும்பத்தில் குழந்தையாகச் சேர்த்து வைத்திருக்கிறாய். எனக்கு நாற்பத்து நான்கு, அக்கா. டாக்டர்கள் முனகிப் பதிவுசெய்வதைக் கேட்டு நான் அடித்துத் தரும் அறிக்கையை நம்பித்தான் இங்கே வயிற்றைக் கிழிக்கிறார்கள். ஒரு செயலியை இறக்க மட்டும் எனக்கு வயது போதவில்லை. சுலபம் என்று நீ சொன்னது யாருக்கு என்பது இப்போது விளங்குகிறது.

நீ மறுத்தது பதிவுத் திருமண அலுவலகத்தின் செயலியை. அதில்தான் தேதி வாங்க வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன். தேதி கிடைத்ததும் உன்னைச் சாட்சிக் கையெழுத்துக்குக் கூப்பிடலாம் என்றிருந்தேன்.

வயதைத் திருத்து. அதை உன்னால் மட்டும்தான் செய்ய முடியுமாம்.

தங்கை

மார்ச் 12

குட்டி,

செயலி பேரைப் பாத்ததும் ஏதோ மோசடின்னு நினைச்சுத்தான் வேண்டாம்னு தட்டிவிட்டேன். இப்ப மோசடி ஆளாவே வந்து நிக்குது. யாருடி அவன்? மூஞ்சியைக்கூடப் பாக்க முடியாத ஒருத்தனை எப்படி நம்புற? உன்கிட்ட என்ன இருக்குன்னு வர்றான்?

அம்மா உன்னை என் கையிலதான் ஒப்படைச்சுட்டுப் போனாங்க. மே மாசம் நான் வந்து ஆளைப் பாத்துச் சொல்றேன். அதுவரைக்கும் போன் இப்படியே இருக்கட்டும்.

அக்கா

மார்ச் 27

அக்காவுக்கு,

அவர் முகத்தை நான் பார்க்கவில்லைதான். நீ மாமாவின் முகத்தைப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டாய். அதற்கப்புறம் எனக்கு எழுதி எழுதி அழுததும் நீதான்.

தேதியைத் தகர டப்பாவிலேயே வாங்கினேன். பெயரில்லாத பொத்தான்களை ஒரு மதியம் முழுக்கத் தடவித் தடவி, இரண்டு முறை தப்பான அலுவலகத்துக்கு விண்ணப்பித்து, மூன்றாவது தடவை கிடைத்தது. சுலபமாக இல்லை. ஆனால் என் வயதை அது கேட்டது, நான் சொன்னேன், நம்பியது.

நேற்று முன்தினம் மாலை, உன் ஐபோனைத் திருப்பி அனுப்பப் பெட்டியில் வைக்கும் முன், அதே செயலிக்கு இன்னொரு தடவை அனுமதி கேட்டேன். தேவைக்காக அல்ல. நீ என்ன செய்கிறாய் என்று பார்க்கத்தான். போனை அணைக்காமலே அவரும் நானும் பெட்டியை டேப் போட்டு ஒட்டிவிட்டோம்.

நேற்று காலை பதிவு அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். பெட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது: "உங்கள் கோரிக்கைக்கு அனுமதி வழங்கப்பட்டது."

"உங்க அக்கா மனசு மாறிட்டாங்க போலிருக்கே. பெட்டியைப் பிரிக்கட்டுமா?" என்றார் அவர்.

செருப்பில் ஒரு காலை நுழைத்தபடி நின்றேன். வயதைத் திருத்தியிருந்தால் அனுமதிக்கே வேலையில்லை. நீ அதைச் செய்யவில்லை. பன்னிரண்டு வயதுக் குழந்தையாகவே வைத்துக்கொண்டு, கல்யாணம் பண்ணிக்கொள்ள அதற்கு அனுமதி தந்திருக்கிறாய். நீ மறுத்தபோதுகூட எனக்கு இப்படி உறைக்கவில்லை.

"வேணாம், நேரமாச்சு" என்றேன்.

சாட்சியாக வார்டு நர்ஸ் வந்திருந்தாள். "இவங்க கல்யாணப் பொண்ணுக்கு என்ன உறவு?" என்று எழுத்தர் கேட்டார். "கூட வேலை பாக்கறவங்க" என்றேன். "சொந்தக்காரங்க யாரும் வரலையா?" என்றார். இல்லை என்றேன். அடுத்த காகிதத்தைப் புரட்டினார்.

பெட்டியை இன்று கூரியரில் கொடுத்துவிட்டேன். மே மாதம் வர வேண்டாம்.

உன்னோடு பிறந்தவள்