உன் நடைக்கு எத்தனை நிமிடம்?

என் அன்பு மனைவிக்கு,

இங்கு நான் நலம். நீயும் உன் தங்கையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவளுக்குக் கால் மாவுக்கட்டைப் பிரித்து ஆறு வாரம் ஆகிவிட்டதாம், மாடிப்படியெல்லாம் ஏறி இறங்குகிறாளாம், நம் மகள் போனில் சொன்னாள். கேட்க மிகவும் சந்தோஷம். கால் சரியான பிறகும் அம்மா ஏன் கிளம்பவில்லை என்று நான் மகளைக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. உன்னோடு போனில் பேசினால் நான் பாதியில் குரலை உயர்த்திவிடுவேன், நீயும் "சரி, வச்சிடறேன்" என்பாய். அதனால்தான் கடிதம். கோழிக் கிறுக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்துகொண்டு படி. நகரத்துக்குள் ஒரு வீடு வாடகைக்கு எடுத்திருக்கிறேன். சொகுசு அடுக்குமாடி, ஒன்பதாவது மாடி, இரண்டு படுக்கையறை. வாசலில் கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கிறது. சீருடை போட்ட ஒருவர் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறார். முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இந்த மாதிரிக் கட்டடங்களுக்குள் பின்வாசல் வழியாகவே போனவன் இல்லையா, முதல் நாள் அவரிடம் எந்த மாடியில் பழுது என்று கேட்டுவிட்டேன். மனுஷர் முழித்தார். லிஃப்ட் நல்ல லிஃப்ட். ஐந்தாவது மாடியில் மட்டும் கதவு மூடும்போது ஒரு சின்ன உரசல் கேட்கிறது. மொட்டை மாடியில் நீச்சல் குளம் இருக்கிறது, நமக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. வாடகை எவ்வளவு என்பதை நேரில் சொல்கிறேன், நீ தண்ணீர் குடித்த பிறகு.

இவனுக்கு என்ன ஆயிற்று என்றுதானே நினைக்கிறாய்? நீ போன மூன்றாவது வாரம் கார் படுத்துவிட்டது. எட்டு நாள் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுப் பக்கத்துப் பஸ் ஸ்டாப்பில் ஐம்பது நிமிடம் நின்றேன். நிழல் என்ற பேச்சே இல்லை. அங்கே நின்றிருந்த ஓர் அம்மா, "இந்தக் கல்லுல உக்காருங்க, உங்க வீட்டுக்காரம்மா எப்பவும் இதுலதான் உக்காருவாங்க" என்றார். நீ பஸ்ஸில் போவாய் என்பதே எனக்குத் தெரியாது. நான் வரும்வரை வீட்டில் இருப்பாய் என்றுதான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கல்லில் உட்கார எனக்கு வெட்கமாக இருந்தது.

ஊருக்கு வெளியே காற்று நன்றாக வரும் என்று அந்த வீட்டை முடிவு செய்தவன் நான். மருந்துக்கடை வேலைக்குத் தினமும் நானே கொண்டுவந்து விடுகிறேன் என்று சொன்னவனும் நான்தான். மூன்று மாதம் தாண்டவில்லை. உன்னால் நேரத்துக்கு வர முடியாதா என்று கடை முதலாளி கேட்ட அன்று, நீ வேலையை விட்டுவிட்டு வந்து நேராகச் சமையலறைக்குள் போய்விட்டாய். நல்லதாய்ப் போயிற்று, இனி உனக்கு அலைச்சல் இல்லை என்றேன் நான். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

இங்கே எல்லாம் காலடியில் இருக்கிறது. கீழே இறங்கினால் ரொட்டிக் கடை, அதை ஒட்டித் தையற்கடை. நூலகம் நாலு நிமிடம், காய்கறிக் கடை ஆறு. பல் டாக்டர் எதிர்வாசலிலேயே இருக்கிறார், உன் கடைவாய்ப் பல்லுக்கு இனி சாக்குச் சொல்ல முடியாது. நடைபாதை அகலமாக இருக்கிறது, நடுநடுவே மரத்தடியில் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். உனக்கு அனுப்பலாமென்று கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நடந்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். பாதியில்தான் உறைத்தது, இதெல்லாம் என் நடைக்கு ஆகும் நேரம். முட்டிவலியோடு உனக்கு எவ்வளவு ஆகும்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் முன்னால் போய்விட்டு, திரும்பி நின்று சீக்கிரம் வா என்று கத்தித்தானே பழக்கம். ஒருநாள் மெதுவாக நடந்து பார்த்தேன். ரொட்டிக் கடைக்காரர் வெளியே வந்து, உடம்புக்கு ஏதாவது சரியில்லையா சார் என்று விசாரித்தார்.

மகளிடம் பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "எல்லாம் சரிப்பா, இதையாவது அம்மாவைக் கேட்டீங்களா?" என்றாள். உன்னைக் கேட்காமல் ஒரு வீட்டை முடிவு செய்த தப்பைச் சரிசெய்ய, உன்னைக் கேட்காமல் இன்னொரு வீட்டை முடிவு செய்திருக்கிறேன். உலகத்தில் என்னைத் தவிர வேறு யாருக்கு இந்த அறிவு வரும்?

ஒப்பந்தத்தில் இரண்டு கையெழுத்து வேண்டும். மனைவிக்கும் சேர்த்து நானே போட்டுவிடுகிறேன் என்று வீடு பார்த்த அன்றே சொன்னேன். கட்டட அலுவலகத்துப் பெண் பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "அவங்க கையெழுத்த அவங்கதான் சார் போடணும்" என்றுவிட்டாள். மகள் பேசிய மறுநாள் போய்க் கேட்டேன். அடுத்த மாதக் கடைசிக்குள் உன் கையெழுத்து வராவிட்டால் ஒப்பந்தம் தானாக ரத்தாகிவிடுமாம். நல்ல ஏற்பாடு என்றேன். நீ வந்து பார். பிடிக்கவில்லை என்றால் நீ சொல்லும் தெருவில் தேடுவோம். இப்போதைக்கு ஒரு பாயும் ஒரு நாற்காலியும் மட்டும் கொண்டுவந்திருக்கிறேன். கட்டிலை எங்கே போடுவது, அடுப்படியில் எதை எங்கே வைப்பது, ஒன்றையும் நான் தொடவில்லை. பழைய வீட்டைப் பூட்டித்தான் வைத்திருக்கிறேன். காரை விற்றுவிடலாமா? பார், கேட்கிறேன்.

இன்னொன்று. தெருமுனையில் ஒரு மருந்துக்கடை இருக்கிறது. ஆள் தேவை என்று வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நான் உள்ளே போய் எதுவும் பேசவில்லை. தலைவலி மாத்திரைக்குக்கூட வேறு கடைக்குத்தான் போகிறேன், உள்ளே போனால் என் வாய் சும்மா இருக்காது. ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

நீ வருவதாக இருந்தால் எந்த ரயில் என்று மட்டும் எழுது. வர மாட்டேன் என்றாலும் எழுது, கோபப்பட மாட்டேன். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வண்டி வேண்டாம், நடந்தே வந்துவிடலாம். என் நடைக்குப் பதினொரு நிமிடம். பெட்டியை நான் எடுத்துக்கொள்கிறேன். நீ முன்னால் நட. எங்கே திரும்ப வேண்டும் என்று பின்னாலிருந்து சொல்கிறேன்.

உன் தங்கை நீண்ட நாள் நன்றாக இருக்கட்டும். உன் முட்டியைப் பார்த்துக்கொள்.

உன் பதிலுக்காக மனதால் அந்தப் பஸ் ஸ்டாப் கல்லில் உட்கார்ந்திருக்கும்,
உன் கணவன்