பச்சை குத்திய கை

மதினி,

நேற்றுக் காலை மார்க்கெட் தெருத் தையற்கடைக்காரர் ஒரு பையைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். "நாலு மாசமா கடையில தொங்குதும்மா. அவங்க வீட்டுல கேட்டா வேணாங்கறாங்க. நீங்க ரெண்டு பேரும்தானே ஒண்ணாத் திரிஞ்சீங்க, நீங்களே வச்சுக்கங்க" என்றார். பிரித்துப் பார்த்தேன். நீ போவதற்கு முன்னால் தைக்கக் கொடுத்திருந்த முழுக்கை ஜாக்கெட். மணிக்கட்டு வரை இறங்கும் கை. நம் புதிய கட்சியின் கரை நிறம். புதுத்துணிக்கு உண்டான கஞ்சி வாடை அப்படியே இருந்தது. அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, ஆறிப்போன டீயைக் குடித்தேன்.

அதே மேசையில் விருப்ப மனுவும் கிடந்தது. மறுபடியும் கவுன்சிலருக்கு நிற்கிறேன் என்று கட்சிக்கு எழுதிக் கொடுக்கிற தாள். இன்று மாலைதான் கடைசி. பெயர், வயது அறுபத்தெட்டு, வார்டு எண் எல்லாம் எழுதிவிட்டேன். 'கட்சியில் சேர்ந்த ஆண்டு' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. போன வாரம் பழைய கட்சியின் நகரச் செயலாளர் வேறு வீட்டுக்கே வந்துவிட்டார். "தாய் வீட்டுக்குத் திரும்பி வந்துருங்கக்கா. அதே வார்டு, அதே சின்னம். பழசை யாரும் பேச மாட்டோம்" என்றார். பல் விழுகிற வயதில் எனக்கு இரண்டு தாய் வீடு. நீ இருந்தால் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

நமக்குள் உறவு ஒன்றும் கிடையாது. நான் சிலமலைக்காரி, போடிக்கு வாக்கப்பட்டு வந்தவள். நீ மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவள். முதல் தேர்தலில் உன் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தபோது "வாங்க மதினி" என்றாய். நானும் மதினி என்றேன். அன்று ஒட்டியதுதான். என்னைவிட நீ மூன்று வயது மூத்தவள். ஆனாலும் நான் உன்னை நீ என்பேன், நீ என்னை நீங்க என்பாய். அது தப்பென்று நமக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

மலைக்குப் போகிற பெண்களின் ஓட்டு வேண்டுமென்றால் வீடு வீடாக அலைந்து பயனில்லை என்று சொன்னவள் நீதான். விடியற்காலை போடிமெட்டுக்கு ஜீப் ஏறுகிற இடத்தில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினாய். தூக்குவாளியோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்களிடம் உன் இடது கையை நீட்டினாய். முழங்கைக்குக் கீழே கட்சிச் சின்னத்தைப் பச்சை குத்தியிருந்தாய். கல்யாணத்துக்கு முன்னால், ஏதோ ஒரு திருவிழாவில் குத்திக்கொண்டதாம். "இதைப் பாத்து வச்சுக்கங்கடி. ஓட்டுச் சீட்டுல மேலருந்து எண்ணாதீங்க, எண்ணினா தப்பிரும். இது எங்க இருக்கோ அங்க குத்துங்க" என்றாய். அவர்களில் பாதிப்பேருக்கு எழுத்து தெரியாது. உன் கை தெரியும். நான் ஜெயித்தது அந்தக் கையால்தான். அது என்ன சின்னம் என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அதற்கும் ஒரு பிரச்சாரம் ஆகிவிடும்.

ஓட்டுப் போடும் நாளில் அந்தக் கையாலேயே ஒரு வம்பு வந்தது. சின்னத்தோடு சாவடிக்குள் வரக்கூடாது என்று அதிகாரி உன்னை வாசலில் மறித்தார். நீ அசரவில்லை. "கையைக் கழட்டி வெளிய வச்சிட்டா சார் வர முடியும்?" என்று கேட்டாய். வரிசை மொத்தமும் சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டு, துண்டைச் சுற்றிக்கொண்டு போகச் சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தேர்தலிலும், "கையைக் கழட்டி வச்சிட்டு வந்தியா?" என்று உன்னைக் கேட்காத ஆள் நம் வார்டில் இல்லை.

நான்காம் முறை கட்சி என் வார்டை இன்னொருத்திக்குக் கொடுத்தது. கொள்கைக்காகக் கட்சி மாறினேன் என்று மேடையில் பேசினேன். உனக்கு எழுதும்போது எதற்குப் பொய்? காலையில் கதவைத் திறந்தால் வாசலில் நாலு பேர் மனுவோடு நிற்க வேண்டும். தண்ணீர் வரவில்லை, சாக்கடை அடைத்திருக்கிறது என்று யாராவது என்னைத் திட்ட வேண்டும். அது இல்லாமல் இருக்க எனக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான். ஒரே வாரத்தில் எதிர்க்கட்சிக்காரர்களிடம் பேசி முடித்தேன். உன்னிடம், "நாளைக்குப் பத்து மணிக்குக் கல்யாண மண்டபத்துக்கு வந்துரு" என்று மட்டும் சொன்னேன். நீ ஏன் என்று கேட்கவில்லை. "புதுச் சின்னம் எது மதினி? ஜீப்புக்காரிங்களுக்குச் சொல்லணும்ல" என்று கேட்டாய்.

மண்டபத்தில் எனக்குச் சால்வை போட்டார்கள். பக்கத்தில் நின்ற நீ இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாய். அதைத்தான் போட்டோ எடுத்தார்கள். என் தோளில் புதிய கட்சி, உன் கையில் பழைய கட்சி. சாயங்காலத்துக்குள் போடி முழுக்கப் போனில் சுற்றியது. 'உடம்பு இங்கே, கை அங்கே' என்று கீழே எழுதியிருந்தார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மாவட்டச் செயலாளரும் கூப்பிட்டு, சிரிப்பது போலவே கேட்டார். அந்த எரிச்சலில் உனக்குப் போன் போட்டேன். "நாளைக்கு வர்றப்பவாவது அந்தக் கையைக் கழட்டி வச்சிட்டு வா" என்றேன்.

பழைய கேலிதான். ஆனால் நான் கேலியாகச் சொல்லவில்லை. உனக்கும் அது தெரிந்திருக்கும். "சரி மதினி" என்று போனை வைத்தாய்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் நீ வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பினாய். பார்க்க வர வேண்டும் என்று நினைத்தேன். பிரச்சாரச் சோலியில் வரவில்லை. பதின்மூன்றாம் நாள் முழுக்கை ஜாக்கெட் போட்டுக்கொண்டு வந்து நின்றாய். வெயிலில் முதுகெல்லாம் நனைந்திருந்தது. மறைத்துவிட்டாய், புத்திசாலி என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்தத் தேர்தலிலும் ஜெயித்தோம். அதற்குப் பிறகு கடைசி வரை உன்னை நான் அரைக்கை ஜாக்கெட்டில் பார்த்ததில்லை. ஏன் என்று கேட்டதும் இல்லை.

மலையேற முடியாமல் ஆனபின் ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கப் போனாய். அங்கே உட்கார்ந்திருந்தபடியே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். நான் வரும்போது உன்னைக் கடைசியாகக் குளிப்பாட்டத் தயாராகியிருந்தார்கள். கூடவே திரிந்தவள் என்று என் கையிலும் ஒரு செம்பு கொடுத்தார்கள். உன் தங்கச்சி ஜாக்கெட்டைக் கழற்றினாள்.

சின்னம் இருந்த இடம் தோல் வெந்து சுருங்கிக் கிடந்தது. மேல்பாதி அழிந்துவிட்டது. கீழ்ப்பாதி பச்சையாக அப்படியே தெரிந்தது. நான் பார்ப்பதை உன் தங்கச்சி பார்த்தாள். "பச்சையை அழிக்கச் சேங்கொட்டைப் பால வச்சுத் தோலைச் சுட்டுக்கிட்டா. கை வீங்கி, சோறு பெசைய முடியாமக் கெடந்தா. ஒங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா" என்றாள். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. நான் செம்புத் தண்ணீரை ஊற்றினேன். வெளியே கட்சிக்காரர்கள் கொடியோடு காத்திருந்தார்கள். தொண்டர் செத்தால் கொடி போர்த்துவது வழக்கம். வாங்கிப் போர்த்தினேன். இரங்கல் கூட்டத்தில் பேசினேன், நன்றாகவே பேசினேன் என்றார்கள். உள்ளே எதுவும் அசையவில்லை. அன்றைக்கு மரத்துப்போனதுதான், இன்னும் விடவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், நகராட்சிக் கூட்டத்தில் சண்டை போடுகிறேன். எல்லாவற்றையும் வேறு யாரோ செய்வது போல இருக்கிறது.

பழைய கட்சிக்குத் திரும்பினால் அதே சின்னம். அப்படியானால் நீ எதற்குச் சுட்டுக்கொண்டாய்? இங்கேயே நின்றால், சுட்டுக்கொண்டது சரிதான் என்று நானே சொன்னதாகிவிடும். நேற்றுப் பகல் முழுக்க இதைத்தான் திருப்பித் திருப்பி யோசித்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் உன் கைதான் வந்து நின்றது.

இன்று விடியக் கருக்கலில் எழுந்து ஜீப் நிற்கும் இடத்துக்குத் தனியாகப் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் தெரியாது. பழக்கமாக இருக்கலாம். கரையில்லாத சேலைதான் கட்டியிருந்தேன். ஜீப்பின் பின்சீட்டில் உன்னோடு மலைக்குப் போய்வந்த ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எட்டிப் பார்த்தாள்.

"என்ன ஆத்தா, தனியா வந்திருக்கீங்க? இந்தத் தடவை எதுல போடணும்? வெரசாச் சொல்லுங்க, வண்டி கெளம்பப் போகுது."

இத்தனை வருடத்தில் அந்தக் கேள்விக்கு நான் ஒரு நொடிகூட யோசித்ததில்லை. இன்று வாய் திறந்தபோது வந்தது வேறு. "ஒங்களுக்கு எதுல தோணுதோ அதுல போடுங்க" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். ஓட்டுநர் கியர் போட்டார். வண்டி நகரும்போது, கோபமில்லாமல், சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"இதை அந்த அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல ஆத்தா."

வண்டி போய்விட்டது. வீட்டுக்கு வந்து மனுவை மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன், கட்சியில் கொடுக்கப் போவதில்லை. பழைய கட்சிக்காரருக்கும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். மாவட்டச் செயலாளர் மூன்று முறை கூப்பிட்டார், எடுக்கவில்லை. இதைத் தியாகம் என்று யாராவது பேசினால் நீ நம்பாதே. உன் கையைச் சரிசெய்ய இது எந்த விதத்திலும் உதவாது, எனக்குத் தெரியும்.

அவள் சொன்னது மட்டும் காலையிலிருந்து கூடவே வருகிறது. போடியில் நான் கையெடுத்துக் கும்பிட்டு ஓட்டுக் கேட்காத வாசல் இல்லை மதினி. எனக்குப் பிடிக்காதவர்களிடம்கூடக் கேட்டிருக்கிறேன். உன்னிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.