அழுத்தாமல் எழுதும் நிப்

பிப்ரவரி 9

பழைய எழுதுபொருள் கடை ஒன்றை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், ஒரு பிஸ்கட் டப்பா நிறைய உடைந்த பேனாக்களோடு திரும்பினேன். மூடி இல்லாதவை, உடல் வெடித்தவை. எனக்கு உடல் எதற்கு? நிப் போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டேன். யாரோ எப்போதோ நிரப்பிய மை, நூல் நூலாகக் கரைந்து அடியில் இறங்கியது. ஒன்று தங்க நிப். கட்டைவிரல் நகத்தில் வைத்து லேசாக அழுத்தினேன். நடுப்பிளவு மெல்ல விரிந்து, விட்டதும் ஒட்டிக்கொண்டது. இத்தனை இளகிய நிப் இதுவரை என் கைக்கு வந்ததில்லை.

அக்கா வந்திருந்தாள். "உன்னைக் காயலான் கடைக்காரனுக்குத்தான் கட்டிக் கொடுத்திருக்கணும்" என்றாள். குரல் இன்னும் கம்மலாகத்தான் இருக்கிறது. செருமிக்கொண்டே சாயங்காலம் வரை பேசிவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 27

அக்காவின் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டார்கள். குரல்வளையில் கட்டி. சாதாரணக் கட்டி இல்லை.

மார்ச் 3

குரல்வளையை முழுதாக எடுக்க வேண்டுமாம். கழுத்தில் ஒரு துளை வைப்பார்கள், அது வழியாகத்தான் மூச்சு. பேச்சு இருக்காது. அத்தான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசாத மனுஷன், இதற்கு மட்டும் என்ன பேசிவிடப் போகிறார்?

அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள். "சிரிச்சா சத்தம் வருமா டாக்டர்?"

வராது என்றார்.

மார்ச் 11

நாளை ஆபரேஷன். தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் போன் போட்டாள். பாக்கி இருந்த துணிகளைப் பற்றித் தன் தையல் கடையில் வேலை செய்கிற பெண்ணோடு அரை மணி நேரம். நான் பதிவு செய்யலாமென்று என் போனை எடுத்தேன். பிடுங்கி வைத்துவிட்டாள். "செத்தவ குரலையா சேத்து வைக்கப் போறே?"

அப்புறம் ஏதோ ரவிக்கையின் கை நீளத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். என்ன சொன்னாள்? கவனிக்காமல் போனேனே.

மார்ச் 16

ஒரு அட்டையும் பால்பாயின்ட் பேனாவும் கொடுத்திருக்கிறார்கள். ஊசி குத்திக் குத்தி வீங்கிய கை. அழுத்த முடியவில்லை. சாய்ந்து படுத்து எழுதினால் அந்தப் பேனா வேறு பாதியில் நின்றுவிடுகிறது. தூக்கி எறிந்தாள். போனில் எழுதினால் அதுவே பேசுமே என்று போட்டுக் காட்டினேன். ஏதோ ஒரு பெண் குரல் "தண்ணீர் வேண்டும்" என்றது, செய்தி வாசிக்கிற மாதிரி. அக்கா அணைத்துவிட்டு, கோணல்மாணலாக எழுதினாள்: 'இவ யாருடி?'

மார்ச் 18

தங்க நிப்பை நல்ல உடலில் பொருத்தினேன். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்க்கிற கை, நிப்பின் முனையை வழுவழுப்பாக்குவது பெரிய காரியமில்லை. அழுத்தவே வேண்டாம், தாளைத் தொட்டால் போதும் என்கிற பதத்துக்குக் கொண்டுவந்தேன். என் நிப்புகளை யாரும் தொட விட்டதில்லை. அவள் கையில் கொடுக்கும்போது, வளைத்துவிடுவாளே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வெட்கமாக இல்லையா எனக்கு?

முதலில் மெல்லிய கோட்டில் 'பசிக்குது'. பிறகு கொஞ்சம் அழுத்திப் பார்த்தாள். கோடு தடித்தது. புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தாள். அடுத்த வரி தாள் முழுக்க, கரிக்கட்டையால் எழுதியது போல: 'எல்லாரும் வெளியே போங்க!'

நர்ஸே சிரித்துவிட்டாள். கத்தக் கண்டுபிடித்துவிட்டாள் என் அக்கா.

ஏப்ரல் 20

தையல் கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். அத்தான் சம்பளமில்லா விடுப்புப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அவள் எழுத எழுத, தூரத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கட்டும் என்று உரக்க வாசிக்கிறார். ஏற்ற இறக்கமே கிடையாது, ஆபீஸ் சுற்றறிக்கை வாசிப்பது போல.

இன்று வாடிக்கையாளர் இரண்டு பேர் நிற்கும்போது ஒரு தாளை வாங்கி வாசித்தார். "இந்த மனுஷனுக்கு ஒரு வேலை உருப்படியா செய்யத் தெரியாது. என் தலையெழுத்து." வாசித்துவிட்டு, அதைப் பத்திரமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வந்தவர்கள் முழித்தார்கள். அக்கா தோள் குலுங்கச் சிரித்தாள். சத்தம் இல்லை. கழுத்துத் துளையில் காற்று மட்டும் புஸ் புஸ்ஸென்று.

கல்யாணமான நாளிலிருந்து அத்தான் பேசியதையெல்லாம் கூட்டினாலும், இந்த ஒரு மாதத்தில் பேசியதற்கு ஈடாகாது. அத்தனையும் அவருக்கு விழுந்த திட்டு.

மே 6

காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை மை நிரப்பினேன். வாயாடி.

ஜூலை 2

இருமல்.

ஆகஸ்ட் 14

நுரையீரலுக்குப் போய்விட்டது. அத்தான் மருந்து வாங்கப் போன நேரத்தில், முடி போன்ற மெல்லிய கோட்டில் எனக்கு மட்டும் எழுதினாள்: 'இன்னும் எவ்வளவு நாள்னு யார்கிட்டயும் கேக்காதே. அவரையும் கேக்க விடாதே.'

அவர் திரும்பி வந்து, "என்ன எழுதினா?" என்றார். வழக்கம்போல வாசிக்கக் கை நீட்டினார். நான் தாளைக் கசக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டேன். நீட்டிய கையை அவர் மெதுவாக இறக்கிக்கொண்டார். அப்போதே புரிந்திருக்கும் அவருக்கு.

செப்டம்பர் 30

கையில் பலமில்லை. இருப்பதிலேயே அதிகமாக மை விடும்படி நிப்பைச் சரிசெய்து கொடுத்தேன். அப்படியும் எல்லாக் கோடும் மெலிவு. தடித்த எழுத்து ஒன்றுகூட இல்லை. அத்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் தாளைப் பிடித்துப் பார்த்தார். முடியவில்லை. அவள் காதருகே குனிந்து, "கொஞ்சம் சத்தமா எழுதேன்" என்றார்.

நான் வெளியே வந்துவிட்டேன்.

அக்டோபர் 8

காலையில் அக்கா போய்விட்டாள்.

அக்டோபர் 21

வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள் – கஷ்டப்படாம போயிட்டா. இவங்களுக்கு என்ன தெரியும்? பேசாம இருக்கறதே அவளுக்கு எவ்வளவு கஷ்டம்னு தெரியுமா? யாரோடும் பேசப் பிடிக்கல. நிப் டப்பாவைத் திறக்கவே இல்லை. திறந்து என்ன ஆகப் போகுது?

டிசம்பர் 5

கடை விடுமுறை. அத்தானைப் பார்க்கப் போனேன். கதவு தாழிடாமல் இருந்தது. மேஜையில் அவள் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தப்புச் செய்த பிள்ளை போல எழுந்து நின்றார்.

"கெடுத்துட்டேன்னு நினைக்கிறேன்மா. எழுதவே மாட்டேங்குது."

வாங்கிப் பார்த்தேன். நிப் பிளந்து, ஒரு பாதி மேலே தூக்கிக்கொண்டு நின்றது. பையில் எப்போதும் இருக்கும் லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். பிளவு தொடங்கும் இடத்தில் விரிசல். இனி யாராலும் ஒட்ட வைக்க முடியாது.

மேஜைமேல் தாள். அதில் ஒரு சொட்டு மை இல்லை. வரி வரியாகப் பள்ளங்கள், சில இடங்களில் கிழிசல். மை தீர்ந்திருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. அழுத்தினால் வரும் என்று அழுத்தியிருக்கிறார்.

"எல்லாத்தையும் அவ எழுதினா, நான் வாசிச்சேன். பதிலுக்கு நான் ஒரு வரி எழுதிக் குடுத்ததில்லையே. அதான்..." என்றார்.

"ஒண்ணும் ஆகல அத்தான். லேசாத்தான் வளைஞ்சிருக்கு. வீட்டுல வெச்சு நிமித்திடறேன்" என்றேன்.

என் பேனாவைத் திறந்தேன். அதில் இருப்பதும் பழைய நிப்தான், ஆனால் கெட்டியானது, எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும். மேஜை டிராயரில் அவளுடைய மைப்புட்டி பாதி இருந்தது. பேனாவை அவர் கையில் கொடுத்து, மை நிரப்புவது எப்படி என்று காட்டினேன். முதல் தடவை விரலெல்லாம் மை. இரண்டாம் தடவை சரியாக வந்தது.

அவர் எழுத உட்கார்ந்ததும், நான் சமையலறைக்குப் போய் டீ போட்டேன்.