பெண்பிள்ளைகளின் மலசலகூடத்துக்குக் கதவும், என் மகள் மீது விழுந்த சொல்லுக்குத் திருத்தமும் வேண்டல்

அனுப்புபவர்:
மு. சின்னராசா, கமக்காரர்,
பாலையடிக் குடியிருப்பு,
ஜெயபுரம்.

பெறுநர்:
கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
கிளிநொச்சி மாவட்டம்.

விடயம்: பாடசாலை மாணவிகளின் உடல்நலமும் மானமும் தொடர்பானது

மதிப்புக்குரிய ஐயா,

ஆண்கள் வாய்விட்டுப் பேசக் கூடாதென்று நாங்கள் வளர்க்கப்பட்ட விடயத்தைத் தங்களுக்கு எழுத நேர்ந்துவிட்டது. பொறுத்தருள வேண்டுகிறேன். என் மனைவி சுப்பம்மா எழுதப் படிக்கத் தெரியாதவள். அவளும் அருகிலிருந்து சொல்லச் சொல்லவே எழுதுகிறேன். மகளின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்துள்ளேன்.

1. நாங்கள் இனக்கலவரத்துக்குப் பின் மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து வந்து, காடு வெட்டிக் குடியேறியவர்கள். மகள் எமது குடியிருப்புப் பாடசாலையில் ஒன்பதாம் ஆண்டில் கற்றாள். எங்கள் இரு பக்கக் குடும்பத்திலும் இவ்வளவு தூரம் படித்த பெண்பிள்ளை வேறில்லை.

2. போரால் இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளும் சேர்ந்ததால் பாடசாலை நிரம்பி வழிகிறது. மலசலகூடம் இரண்டு உள்ளன. ஒன்று ஆசிரியர்களுக்கானது, பூட்டியிருக்கும். மற்றதற்குக் கதவில்லை, உரச்சாக்கு ஒன்று தொங்குகிறது. காற்றடித்தால் அதுவும் விலகும். எதிரே பெடியன்கள் பந்தடிக்கும் வெளி. ஆகவே பெரியபிள்ளையான மாணவிகள் அங்கு போவதில்லை. காலையில் தண்ணீர் குடிக்காமல் வந்து, வீடு திரும்பும்வரை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள். மாதவிலக்கு நாட்களில் வருவதே இல்லை. மனைவிக்கு இது தெரியும். "நாங்களும் தோட்டத்துல அப்பிடித்தானே இருந்தம், பழகிப் போயிடும்" என்று மகளைத் தேற்றியிருக்கிறாள். எனக்குத் தெரியாது. தகப்பனுக்கு இதெல்லாம் தெரியாமலிருப்பதே மரியாதை என்று எண்ணியிருந்தேன்.

3. கடந்த தை மாதம் காலைப் பிரார்த்தனையின்போது மகள் வாந்தியெடுத்து மயங்கி விழுந்தாள். தெளிந்து எழுந்தவளை வகுப்பின் முன்னால் நிறுத்தி, "எத்தினை மாசம்?" என்று பிரதி அதிபர் கேட்டார். சிலர் சிரித்தார்கள். பிறகு அவளைத் தனியே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

4. அவள் வீடு வந்து சேருமுன்னரே கதை சங்கக்கடை வரிசையில் நின்ற என்னிடம் வந்துவிட்டது. வீட்டுக்குப் போனேன். பாயில் சுருண்டு கிடந்தாள். "யாருடி அவன்?" என்று கேட்டேன். அவள் சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டாள். உலுப்பி எழுப்பக் கையைப் பிடித்தபோதுதான் நெருப்பாகச் சுட்டது. ஐயா, நெற்றியைத் தொட்டுப் பார்க்குமுன் அந்தக் கேள்வியைக் கேட்டவன் நான். பிரதி அதிபர் மீது முறையிட எனக்கு என்ன தகுதி என்று தாங்கள் நினைத்தால் அதற்கும் தலைகுனிகிறேன்.

5. சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மருந்துத் தட்டுப்பாட்டுக்குள்ளும் தேடியெடுத்துக் கொடுத்தார்கள். தாதி கமலாசனி அவர்கள் என்னை வெளியே அழைத்து, "பிள்ளையில ஒரு பிழையும் இல்லை. சலத்தை அடக்கி அடக்கிக் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிட்டுது. தண்ணியும் குடிக்கிறேல்லையாம். ஏனெண்டு நீங்கள் ஆராவது கேட்டனீங்களோ?" என்றார்.

6. மகள் சுகமடைந்து வீடு வந்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லப்பா. ஆனா அந்த வகுப்புக்கு இனி நான் போகமாட்டேன்" என்றாள். வைத்தியர் தந்த கடிதத்தைப் பிரதி அதிபரிடம் கொடுத்தேன். அவர் வாசித்து மடித்து வைத்துவிட்டு, "சரி, வரச் சொல்லுங்கோ" என்றார். வகுப்புக்கு எதுவும் சொல்லவில்லை. கதை அடங்க வேண்டுமானால் பிள்ளைக்குக் கலியாணத்தைச் செய்துவை என்று உறவினர் நெருக்குகிறார்கள். அவளுக்கு வயது பதினான்கு.

7. இதன்பின் தகப்பன்மார் சிலரைக் கூட்டிப் பேசினேன். முதலில் இளையதம்பி என்பவர், தன் மகளும் சிறுநீர் எரிவென்று அழுவதாகவும், வெயிற்சூடு என்று சொல்லி விட்டுவிட்டதாகவும் கூறினார். அதன்பின் ஒவ்வொருவரிடமும் சொல்ல ஏதோ இருந்தது. மறுநாளே பாடசாலைப் பின்வளவில் குழி தோண்டத் தொடங்கினோம். குழி வேலை முடிந்துவிட்டது. மரமும், கூரை வேயக் கிடுகும் எங்களிடம் உண்டு. பொருளாதாரத் தடையால் சீமெந்து எங்கள் கைக்கு எட்டாத பொருள்.

ஆகவே ஐயா, சீமெந்தும், உள்ளே கொண்டி போடக்கூடிய ஒரு கதவும் தந்துதவுங்கள். மாணவிகள் கூச்சமின்றிப் போய்ச் சொல்ல ஓர் ஆசிரியையைப் பொறுப்பாக நியமியுங்கள். குடும்பநல மாது வந்து பிள்ளைகளிடமும், முக்கியமாகப் பெற்றோராகிய எங்களிடமும் பேச ஒழுங்கு செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த வகுப்பின் முன்னால் அந்தச் சொல் சொல்லப்பட்டதோ அதே வகுப்பின் முன்னால், அது தவறென்று பிரதி அதிபர் தம் வாயால் சொல்ல வேண்டும். அவருக்குத் தண்டனை எதையும் நான் கேட்கவில்லை.

வீட்டு மலசலகூடத்துக்கு இப்போது கதவு உண்டு, தண்ணீர் உண்டு, கேட்பதற்கு நாங்களும் இருக்கிறோம். ஆனாலும் செம்பை நீட்டினால் மகள் இரண்டு மிடறு குடித்துவிட்டு வைத்துவிடுகிறாள்.

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்த்து, தலைகுனிவுடன்,

மு. சின்னராசா (ஒப்பம்)
சி. சுப்பம்மா (பெருவிரல் அடையாளம்)

இடம்: ஜெயபுரம்
திகதி: 02.03.1998