தட்டம் கடைசிக் கதிரைக்கு வரும்வரை

ஆவணி 4, திங்கள்
சோளகக் காற்று. குசினிக்குள் சட்டி பானையிலும் தூசி. வியாழன் பேத்தி கயலுக்குக் கலியாணம்.

மேளத்துக்கு மகன் பேசியிருப்பது அந்தத் தவில்காரனை. பெயர் எழுதமாட்டேன். த.கா. போதும். கயலின் தாய், என் மகள் பவளத்தின் கலியாணத்தில் வாசித்த அதே ஆள். எனக்கு ஒன்றும் மறக்கவில்லை. தாலித் தட்டம் சபையைச் சுற்றி வந்து, எல்லாரும் தொட்டு ஆசீர்வதிக்கும்வரை முதலாம் காலத்தில், ஆறுதலாக, மெல்ல வாசிக்க வேண்டும். அவன் பாதியில் மூன்றாம் காலத்துக்கு, நாலு மடங்கு வேகத்துக்குப் பாய்ந்தான். பாட்டு முடிந்தது, ஐயர் கை காட்டினார், கெட்டிமேளம். பெற்ற என்னிடம் தட்டம் வரவே இல்லை. வேறு கலியாண வீட்டுக்கு ஓட அவசரம், வேறென்ன. என் கை படாத தாலி; பத்து வருசம் போகமுன் மருமகனை யுத்தம் கொண்டு போயிற்று.

"அம்மா, உங்கட பழைய கோவத்துக்கு நான் எங்க போய் மேளம் தேட?" என்கிறான் மகன்.

செவ்வாய்
வாங்க: வெற்றிலை, கற்பூரம், முழங்கால் தைலம்.
பவளம் கடைசி வரிசையில் இருக்கப் போகிறாளாம். "புருசன் இல்லாதவள் முன்னுக்கு இருந்தா சனம் கதைக்கும், அம்மா." பெற்றவளுக்குக் கடைசிக் கதிரை! கத்தினேன். அசையவில்லை. சரி, தட்டம் அங்கேயும் வரும். வராமல் எவன் கெட்டிமேளம் அடிக்கிறான், பார்ப்போம்.

புதன்
பயற்றம் பணியாரம் மூன்று வாளி. ஒன்றில் எறும்பு. கால் வீக்கம். கோபம் அப்படியே.

வியாழன், எல்லாம் முடிந்து
மல்லாவி மண்டபம். நல்ல வெயில். மேளக்காரரில் ஒருவர் குறைவு. கைத்தாளம் போடுகிறவன் பரந்தனில் பஸ்ஸைத் தவறவிட்டானாம். தாளம் பாயில் சும்மா கிடந்தது.

தட்டம் மூன்றாம் வரிசையில். நாதஸ்வரப் பொடியன் வாசிப்பில் ஓடத் தொடங்கினான். தட்டம் கொண்டு போனவளும் ஓட்டம். பவளம் இன்னும் ஆறு வரிசை தள்ளி.

மேளக்காரர் மேடையில் ஏறினேன். பாயில் இருந்தேன். தாளத்தை எடுத்தேன். கோயில் பஜனையில் போட்டுப் பழகிய கை.

"எணேய், இறங்கணை!" என்று மகன்.
"நீ போய்ச் சோத்தைப் பார்!"

முதலாம் காலம். ஒரு தட்டு, பொறுத்து அடுத்தது. த.கா. என்னைப் பார்த்தான், உடனே என் கையோடு வந்தான். பொடியனும் அடங்கினான். தட்டம் நடந்தது. கடைசிக் கதிரை. பவளம் இரண்டு கையாலும் தொட்டாள், எடுக்க மனமில்லாமல். கையை எடுக்கும்வரை நான் தாளத்தை விடவில்லை. பிறகுதான் கெட்டிமேளம்.

சாப்பாட்டுக்குப் பின் த.கா. வந்தான். "அக்கா, கை ஒரு இடத்திலயும் பிசகேல்லை."

"பவளத்தின்ர கலியாணத்தில உம்மட கைக்கு என்ன வந்தது?"

"அண்டைக்கு வேவு விமானம் சுத்தினது, அக்கா, பின்னால குண்டு போட வரும். மேளச் சத்தத்தில உங்களுக்குக் கேட்டிராது. உங்கட வீட்டு அண்ணைதான் பந்தல் வாசல்ல நிண்டு, கெதியா முடி எண்டு விரலைச் சுத்திக் காட்டினவர். 'அவாவுக்குச் சொல்லிப் போடாதை, பயந்திடுவா' எண்டும் சொன்னவர்."

இவர், என் புருசன்! சாகும்வரை என் முன்னால் இருந்து பாக்கு வெட்டிய மனுசன். நான் இவனைத் திட்டும்போதெல்லாம், "ஓமோம், சரியான அவசரக்காரன்" என்று ஒத்து ஊதிய மனுசன்!

வெள்ளி
காற்று குறைவு. தவில்காரன் சின்னராசுவுக்குப் பணியாரம் ஒரு வாளி அனுப்பினேன். எறும்பு இல்லாத வாளி.

இவருடைய படத்துக்கு இன்றைக்குப் பூ இல்லை. நாளைக்கும் இல்லை.